பூசணிக்காயில் ஒட்டியிருந்த செதில்

“மாஸ்டர், உதென்ன மினுங்குது?”

கேட்டவர் எங்கள் ஒழுங்கைப் பிள்ளையார் கோயில் செயலாளர். வெட்டிய பூசணிக்காய்த் துண்டொன்றை ஓலைக் கடகத்திலிருந்து எடுத்து, வெளிச்சம் படும்படி பிடித்துக்கொண்டு நின்றார். ஈரமான மஞ்சள் சதையில் சின்ன விரல் நகமளவு மீன் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் கோயிலில் வருடாந்தப் பொங்கலும் அன்னதானமும். அரியாலையில் எங்கள் பக்கத்து ஆண்கள் இருபது பேர் வரை மண்டபத்தில் பாய் விரித்து இருந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். பின்னேரம் நாலு, நாலரை இருக்கும். வெங்காயம் உரித்தவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். செதிலைக் கண்டதும் அந்தச் சத்தமும் நின்றது.

வெளியூர் வாசகர்களுக்கு இதன் பாரதூரம் விளங்காமல் போகலாம். நாங்கள் மீன் சாப்பிடாத ஆட்கள் இல்லை. விளைமீன் குழம்பென்றால் இரண்டு கோப்பை சோறு உள்ளே போகும். ஆனால் மச்சத்துக்கு ஒரு கத்தி, மரக்கறிக்கு ஒரு கத்தி. மச்சம் வெட்டிய கத்தி கோயில் வாசல் படலையைத் தாண்டாது.

பூசணிக்காய் வெட்டியது இரண்டு பேர். ஒருவர் பக்கத்து ஊர்க் கொழும்புத்துறைச் செல்வராசா, கடலில் தொழில் செய்கிறவர். மற்றது நான், முப்பத்தொரு வருஷம் கணிதம் படிப்பித்த மனிதன். இரண்டு பேரும் ஒரே கடகத்துக்குள்தான் துண்டுகளைப் போட்டோம். செதில் எங்கிருந்து வந்ததென்று அந்த மண்டபத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

சென்ற கிழமை இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் என் சைக்கிள் சாகசத்தை வாசித்துச் சிரித்ததாகச் சிலர் தொலைபேசி எடுத்துச் சொன்னார்கள். மிச்சம் சந்தோஷம். இந்தக் கிழமை அப்படி ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கத்தி வந்த கதை

மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று என் மனைவி பரமேஸ் கனடாவுக்குப் போய் ஆறு மாதம் நின்றாள். குசினி என் தலையில் விழுந்தது. போகுமுன் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போனாள். அதில் முதலாவது வசனம் இது: “சிவப்புப் பிடிக் கத்தி மச்சத்துக்கு. கிணத்தடியிலை கிடக்கும், குசினிக்குள்ளை வரப்படாது. கறுப்புப் பிடி மரக்கறிக்கு. மாத்தினியளோ, வந்து பாத்துக்கொள்ளுறன்.”

இரண்டும் கத்தி என்று பேருக்குத்தான். தக்காளியில் வைத்து அழுத்தினால் தக்காளி நசிந்து சாறு சட்டையில் அடிக்கும். தோல் அப்படியே இருக்கும். கோபத்தில் ஒருநாள் கறுப்புப் பிடியைச் சுவரில் எறிந்தேன். சுண்ணாம்புதான் உதிர்ந்தது.

மகளிடம் முறையிட்டேன். அவள் அங்கிருந்து வந்த ஒருவரிடம் ஒரு யப்பான் கத்தி கொடுத்துவிட்டாள். பெட்டியைத் திறந்த அன்று நான் சமைக்கவில்லை. அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நல்ல கத்தி என்றால் என்ன என்று அன்றுதான் விளங்கியது. கடையில் மினுக்கத்தைப் பார்த்து வாங்குகிறோம், அது விசர்வேலை. கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். இரும்பும் பிடியும் சந்திக்கிற இடத்தை ஒரு விரலில் வைத்தால் தராசு போல நிற்க வேண்டும். இரும்பு பிடியின் கடைசி வரை உள்ளே ஓட வேண்டும். இல்லையென்றால் ஒரு வருஷத்தில் பிடி கழன்று கையோடு வரும். அலகு அகலமாக இருக்க வேண்டும், அப்போதுதான் விரல் மூட்டு பலகையில் இடிக்காது. ஒரு வீட்டுக்கு இப்படி இரண்டு கத்தி போதும். பன்னிரண்டு கத்தியை ஒரு மரக்குற்றியில் செருகி வைத்திருக்கிற வீடுகளில் நான் சாப்பிட்டிருக்கிறேன். பயற்றங்காயைக் கையால் முறித்துப் போட்டுத்தான் கறி வைத்திருந்தார்கள்.

பாருங்கள், இப்போதும் பிரசங்கம் வருகிறது. அந்தக் கத்தியால் எனக்கு வந்த வியாதி அதுதான். கத்தியோ ஒன்று. அதால் மரக்கறியும் வெட்டினேன், மீனும் வெட்டினேன். பரமேசின் தாள் கதவில் ஒட்டியபடியே இருந்தது. ஆர் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

பாகைமானி

மூன்று மாதத்தில் அதுவும் மழுங்கியது. குற்றம் என்னுடையது. பலகை கழுவப் பஞ்சிப்பட்டு பீங்கான் தட்டிலேயே வைத்து வெட்டினேன். பீங்கானில் வெட்டினால் எந்தக் கத்தியின் வாயும் போகும்.

அலகைக் கல்லில் பதினைந்து பாகை சரித்துத் தீட்ட வேண்டும் என்று எங்கோ வாசித்திருந்தேன். பாகை என்றால் என்னை மிஞ்ச ஆளில்லை அல்லவா? பழைய பாகைமானியைத் தேடி எடுத்து, மண்வெட்டி தீட்டுகிற முரட்டுக் கல்லை முற்றத்தில் வைத்து, கோணம் அளந்து அளந்து தேய்த்தேன். அரை மணித்தியாலத்தில் கத்தியின் வாயில் பல் விழுந்தது. ஒன்றல்ல, ஐந்து.

அந்த நேரம் பார்த்துப் படலையில் செல்வராசாவின் சைக்கிள் மணி கேட்டது. பதினொரு வருஷமாக எங்கள் ஒழுங்கைக்கு வீடு வீடாக மீன் கொண்டு வருகிறவர். என்னைவிடப் பத்து வயது இளமை. மீன் தந்துவிட்டுக் கிணற்றடியில் கை கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவார்.

“என்ன மாஸ்டர், கத்தியோ அரிவாளோ? பல்லு வைச்சிருக்கிறியள்.”

“பகிடி விடாதையும். உமக்கு உது தெரியுமோ?”

“எங்களுக்கு உதுதானே வேலை. தாங்கோ பாப்பம்.”

அடுத்த நாள் இரண்டு கல் கொண்டு வந்தார். ஒன்று சொரசொரப்பு, ஒன்று வழுவழுப்பு. இரண்டையும் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்தார். பிறகு குந்தியிருந்து தீட்டத் தொடங்கினார். கத்தியின் அடியிலிருந்து நுனி வரை ஒரே இழுவை, ஒரே சரிவு. கை அவசரப்படவே இல்லை. கொஞ்ச நேரத்தில் மற்றப் பக்கத்தைப் பெருவிரலால் குறுக்கே தடவிப் பார்க்கச் சொன்னார். மெல்லிய பிசிர் ஒன்று விரலில் தட்டியது.

“உந்தப் பிசிர் அடியிலையிருந்து நுனிமட்டும் வந்தால்தான் மற்றப் பக்கம் திருப்பலாம். வராமல் திருப்பினால் ஒரு பிரயோசனமும் இல்லை.”

“எத்தினை பாகை பிடிக்கிறீர்?”

“பாகையோ? கையைக் கேளுங்கோ.”

வழுவழுப்புக் கல்லில் மெல்லமாகப் பத்துப் பதினைந்து தரம் இழுத்தார். கடைசியில் தன் பழைய இடுப்புப் பட்டித் தோலில் முன்னும் பின்னும் தடவினார். தக்காளி ஒன்று கொண்டுவந்தேன். கத்தியை மேலே வைத்து இழுத்தார், அழுத்தவே இல்லை. தாள் போன்ற துண்டு ஒன்று விழுந்தது. நான் சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினேன்.

கேட்க அந்தரமான விஷயம்

இரண்டு கிழமை கழித்து மீன் தந்தவர் போகாமல் நின்றார். சைக்கிள் மணியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், ஒண்டு கேக்கவேணும். கேக்க அந்தரமாக் கிடக்கு.”

“சொல்லும்.”

அவருடைய மகளுக்கு இருதயத்தில் ஓட்டை. கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து பிள்ளை சுகமாக வந்துவிட்டது. எனக்கு அது தெரியும். தெரியாதது அவர் வைத்திருந்த நேர்த்திக்கடன்.

“அவளை உள்ளுக்கை கொண்டு போகேக்கை உங்கடை பிள்ளையாரைத்தான் கும்பிட்டனான். ஒவ்வொரு நாளும் கடந்து போற கோயில்தானே. பிள்ளை சுகமா வந்தால் பொங்கலுக்கு என்ரை கையாலை மரக்கறி வெட்டித் தாறன் எண்டு நேந்தனான். ஆனால் அங்கை எனக்கு ஒருத்தரையும் பழக்கமில்லை. நான் சும்மா போய் இருந்தால் ஆரும் ஏதும் சொல்லுவினம். நீங்கள் கூட்டிக்கொண்டு போனால்...”

“உதுக்கென்ன அந்தரம்? என்னோடை வாரும். ஆர் என்ன சொல்லுறது?” என்றேன். அப்போது அதை நெஞ்சாரத்தான் சொன்னேன்.

பொங்கலுக்கு முதல்நாள் விடிய வந்து கத்தியை இன்னொருதரம் தீட்டித் தந்தார். தீட்டி முடித்து, பிடியும் இரும்பும் சேருகிற இடத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். அங்கே மயிரளவு நீக்கல் இருந்தது.

“மாஸ்டர், முந்தநாள் விளைமீன் உதாலையோ வெட்டினியள்?”

“ஓம். பேந்து வடிவாக் கழுவினனான்.”

“கோயிலுக்கு உதைக் கொண்டு வராதையுங்கோ. உந்த இடுக்குக்குள்ளை நிக்கிறது கழுவினாலும் போகாது. பரமேஸ் அக்காவின்ரை கறுப்புக் கத்தியைத் தாங்கோ, அதைத் தீட்டி விடுறன்.”

அவர் கறுப்புக் கத்தியைத் தீட்டித்தான் தந்தார். நான் கொண்டுபோனது யப்பான் கத்தியை. சவர்க்காரம் போட்டேன், தேசிக்காய்ப் புளி தேய்த்தேன், போதும் என்று எனக்கு நானே சொன்னேன். உண்மை என்னவென்றால், இருபது பேருக்கு முன்னால் அந்தக் கத்தியை எடுத்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை. வேறொன்றும் இல்லை. காட்டினேன். விரலில் வைத்துத் தராசு பிடித்துக் காட்டினேன். வாழைக்காய் வெட்டினவர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். செல்வராசா அதைக் கண்டார். தன் கத்தியைத் துணியிலிருந்து எடுத்தார். அன்றைக்கென்றே வாங்கிய புதுக் கத்தி.

ஒரு பழைய சம்பவம்

என் வாய் எந்த இடத்தில் அடைக்கும் என்பது எனக்குப் புதிதல்ல. பிரச்சினைக் காலத்தில் நானும் பரமேசும் கொழும்புக்குப் போகும்போது சோதனைச் சாவடியில் எங்கள் பையைக் கொட்டினார்கள். வழியில் மாம்பழம் வெட்ட நான் பத்திரிகைத் தாளில் சுற்றி வைத்திருந்த கத்தி வெளியே விழுந்தது.

“யாருது?” என்று சிப்பாய் கேட்டான்.

நான் பரமேசைப் பார்த்தேன். “என்ரை” என்றாள் அவள். வெயிலில் ஒரு மணித்தியாலம் அவளைத் தனியே நிற்பாட்டி விசாரித்தார்கள். நான் நிழலில் நின்றேன்.

திரும்ப பஸ்ஸில் ஏறியதும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “உங்கடை சத்தமெல்லாம் வகுப்பறைக்கைதான்.”

வகுப்பில் ஏதும் களவு, உடைவு என்றால் முழு வகுப்பையும் எழுப்பி நிற்பாட்டி, “ஆர் செய்தது? ஆம்பிளையெண்டால் ஒத்துக்கொள்ளு” என்று கேட்ட வாத்தி நான். எத்தனை பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள்!

மண்டபத்தில் நடந்தது

செயலாளர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், “மாஸ்டர், உதென்ன மினுங்குது?” என்று. நான் துண்டை வாங்கிப் பார்த்தேன். “செதில் போலை கிடக்கு” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

எல்லோருடைய கண்ணும் எனக்குப் பக்கத்தில் போனது. ஒருவரும் யோசிக்கவே இல்லை. எவ்வளவு கெதியாகப் போனது என்று நினைக்க இப்போதும் உடம்பு கூசுகிறது. கடல்தொழில் செய்கிறவர், மீன் விற்கிறவர், பக்கத்தில் இருக்கிறார். வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

“நான் விடிய முழுகினனான்” என்றார் செல்வராசா. “வேட்டி தோய்ச்சது. கத்தி புதுசு, கடைத் தாள்கூட இன்னும் கிடக்கு.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல. நான் பேசுவதற்கு இடம் விட்டுக் காத்திருந்தார். நான் பூசணிக்காயைப் பார்த்தேன். அதன் விதைகளை விரலால் வழித்துக்கொண்டிருந்தேன்.

“உம்மிலை பிழையில்லை” என்றார் செயலாளர் மிகவும் தன்மையாக. “தொழிலாலை வாற ஆள், அறியாமல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். ஒண்டும் நினையாதையும். வெளியிலை பந்தலுக்கு ஆள் காணாது, அங்கை கை குடுமன்.”

செல்வராசா இன்னொரு தரம் என்னைப் பார்த்தார். பிறகு புதுக் கத்தியைத் துணியில் சுற்றினார். “மாஸ்டர், நான் போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். பந்தல் பக்கம் போகவில்லை.

வெட்டியதை எல்லாம் மாட்டுக்குக் கொட்டினோம். மண்டபம் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவப்பட்டது. நான் யப்பான் கத்தியைப் பைக்குள் ஒளித்துவிட்டு, இன்னொருவரிடம் கத்தி வாங்கி மறுபடி வெட்டினேன். மறுநாள் அன்னதானத்தில் இருந்து சாப்பிட்டேன். பூசணிக்காய்க் கறியும் போட்டார்கள். அதையும் சாப்பிட்டேன், வெட்கம் கெட்டவன்.

பரமேஸ் வந்தாள்

செல்வராசா மீன் கொண்டு வருவதை நிற்பாட்டவில்லை. நிற்பாட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். முன்னைப் போலவே மணி அடித்தார், “மாஸ்டர்” என்றார், நிறுத்துத் தந்தார். ஆனால் படலைக்கு வெளியே நின்றார். கிணற்றடிக்கு வரவில்லை, தேத்தண்ணி கேட்கவில்லை.

பரமேஸ் வந்து மூன்றாம் நாள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். “ஏன் செல்வராசா உள்ளுக்கை வாறேல்லை? என்ன செய்தனியள்?”

சொன்னேன். சொல்லி முடிய அவள் கதிரையில் இருந்துவிட்டாள்.

“கத்தியை மாத்தினது கூடப் பறவாயில்லை. கழுவலாம். உதை என்னண்டு கழுவப் போறியள்? அந்தப் பிள்ளைக்காக வைச்ச நேத்தியெல்லோ!”

“நீரும் என்னோடை ஒருக்கா வாருமன், போய்க் கதைப்பம்.”

“நான் வரமாட்டன். ஒருக்கா உங்களுக்காக வெயிலுக்கை நிண்டது காணும்.”

அதற்குப் பிறகும் போக எனக்குப் பல மாதம் எடுத்தது. ஒருநாள் பின்னேரம் கொழும்புத்துறைக்குச் சைக்கிளை மிதித்தேன். செல்வராசா வாசலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கதிரை எடுத்துப் போட்டார். முதல் தடவையாக நான் அவரை ‘நீங்கள்’ என்று கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

“எனக்குச் சொல்லி என்ன மாஸ்டர்? செதில் எங்கையிருந்து வந்ததெண்டு எனக்குத் தெரியும்தானே. தெரியாதது அண்டைக்கு அங்கை இருந்தவைக்கு. இந்த முறை நான் போய் இருந்தால் முதல் என்ரை கையைத்தான் பாப்பினம்.”

செயலாளர் வீட்டுக்கு இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் தேத்தண்ணி குடித்து, மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தேன். அப்போதுதான் இந்தப் பக்கத்தின் நினைவு வந்தது. கோயில் ஆட்களில் பாதிப் பேர் கிழமைக்குக் கிழமை இதை வாசிக்கிறவர்கள். வாயால் வராதது கையால் வரட்டும் என்று எழுதினேன். செயலாளர் ஐயா, செதில் என் கத்தியில் இருந்தது. செல்வராசா எனக்கு முதலே சொல்லி மறித்தவர்.

வாசித்துக் காட்டினேன்

அனுப்புவதற்கு முதல், இந்த இடம் வரை எழுதியதை எடுத்துக்கொண்டு நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மகள் தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டுக் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். முழுவதையும் சத்தமாக வாசித்தேன். பாகைமானி வந்த இடத்தில் செல்வராசா லேசாகச் சிரித்தார்.

“பேரை மாத்திப் போடட்டோ?” என்று கேட்டேன்.

“வேண்டாம். அண்டைக்கு என்ரை பேரைத்தானே எல்லாரும் கதைச்சவை. அது கிடக்கட்டும்.” வலையில் ஒரு முடிச்சை இழுத்து இறுக்கினார். “ஆனால் ஒண்டை விட்டிட்டியள், மாஸ்டர்.”

“என்ன?”

“நான் வெளியாலை வந்து மதிலோடை விட்ட சைக்கிளின்ரை பூட்டைத் திறந்துகொண்டு நிண்டனான். உள்ளுக்கை செயலாளர் உங்களைக் கேட்டவர், உவரை உங்களுக்கு எவ்வளவு காலமாத் தெரியும் எண்டு.”

தாள்களை மடியில் வைத்துவிட்டேன். ஒரு வருஷமாக, மதிலுக்கு அப்பால் அவர் போய்விட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பரமேசுக்கும் அதை நான் சொல்லவில்லை. இதை எழுதும்போது அந்த இடம் வந்தது. பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து அடுத்த பந்தியைத் தொடங்கினேன்.

“என்ன சொன்னனீங்கள் எண்டு ஞாபகம் இருக்கோ?”

“இருக்கு.”

“அதையும் போடுங்கோ.”

மகள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்கு நான் செயலாளருக்குச் சொன்ன பதில் இதுதான்: “உவரை எனக்கு அவ்வளவாத் தெரியாது. ஒழுங்கையிலை மீன் விக்க வாறவர்.”